லைசென்ஸ் சஸ்பெண்டில் இருக்கும் மூன்று மாதத்தை ஓட்டுவது எப்படி

ஒரு ஆடி மாதம் எங்கள் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு. பங்காளி வீட்டுப் பெண்கள், பிள்ளைகள், அண்டா, விறகு, கிடா எல்லாவற்றையும் குட்டியானை என்று நாங்கள் சொல்லும் என் சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றினேன். தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டால் உள்ளே ஆள் இருப்பது தெரியாது என்பது என் கணக்கு. கிடா கத்தும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ரோட்டோரம் நின்றிருந்த பிரேக் இன்ஸ்பெக்டர் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார். எண்ண ஆரம்பித்து 17இல் நிறுத்தினார். அபராதம் போட்டார், லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஒரு சீட்டு கொடுத்தார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து 23 வருஷமாகக் காய்கறி ஏற்றுகிறவன் நான். தக்காளிப் பெட்டி அடுக்குவதில் என்னிடம் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் லைசென்ஸ் இல்லாமல் மூன்று மாதம் எப்படிப் பிழைப்பது என்பதை அன்றைக்குத்தான் படிக்க ஆரம்பித்தேன். எந்த ஊரில் மாட்டினேன் என்று சொல்லப் போவதில்லை. தப்பு என்னுடையது, ஊரைச் சொல்லி என்ன ஆகப் போகிறது?

எங்கள் ஸ்டாண்டில் இப்போது யாருக்கு இந்த நோட்டீஸ் வந்தாலும் என்னிடம் வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கையில் கொடுத்த சீட்டைப் படியுங்கள். இங்கேதான் பாதிப் பேர் கவிழ்கிறார்கள். "சீட்டு இருக்குல்ல, அதைக் காட்டி ஓட்டிக்கலாம்" என்று ஸ்டாண்டில் எல்லாரும் சொல்வார்கள். எல்லாச் சீட்டுக்கும் அது பொருந்தாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 206ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. ஆள் கோர்ட்டுக்கு வராமல் நழுவிவிடுவான் என்ற எண்ணத்தில் வாங்கி வைத்தால், அவர்கள் கொடுக்கும் சீட்டை வைத்து ஓட்டலாம். ஆனால் 2019 திருத்தத்தில் சேர்த்த 4ஆவது உட்பிரிவு வேறு மாதிரி. அதிவேகம், ஆபத்தாக ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, ரேஸ் விடுவது, பழுதான வண்டியை ரோட்டில் ஓட்டுவது, பைக்கில் மூன்று பேர், ஹெல்மெட் இல்லாதது, ஆம்புலன்ஸுக்கு வழி விடாதது ஆகியவற்றுக்காக லைசென்ஸைப் பறித்து ஆர்டிஓவுக்கு அனுப்பினால், அதற்குக் கொடுக்கும் சீட்டு வெறும் ரசீதுதான். லைசென்ஸ் திரும்பக் கைக்கு வரும்வரை அந்தச் சீட்டு ஓட்டுவதற்கு அனுமதி தராது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே சீட்டில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். புரியாத கையெழுத்தாக இருந்தால் அங்கேயே கேட்டுவிடுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வந்தால் பிறகு செலவு நமக்குத்தான்.

என் குற்றம் அந்தப் பட்டியலில் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 21ஆவது விதி வழியாக வந்தது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதும் அந்த விதியில் இருக்கிறது. "சார், வாடகைக்கு இல்ல, எல்லாம் சொந்தக்காரங்க" என்று நான் அன்றைக்கு மன்றாடினேன். விதியைப் படித்த பிறகுதான் தெரிந்தது, வாடகைக்கு ஏற்றினாலும் சரி, சும்மா ஏற்றினாலும் சரி, குற்றம் ஒன்றுதான் என்று அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மை மாதிரி எத்தனை பேர் அதே வசனத்தைச் சொல்லியிருப்பார்களோ!

இன்னொரு விஷயம். லைசென்ஸை வாங்கி அனுப்புவது போலீஸ் அல்லது பிரேக் இன்ஸ்பெக்டர் வேலை, சஸ்பெண்ட் செய்வது ஆர்டிஓ வேலை. சில குற்றங்களில் கோர்ட்டும் செய்யலாம். ஆர்டிஓ செய்வதென்றால், அதற்கு முன் உங்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்க வேண்டும். 19ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. அந்த நோட்டீஸ் ரிஜிஸ்டர் தபாலில் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். வாங்காமல் விட்டால் கேஸ் செத்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சாகாது, நீங்கள் இல்லாமலே நடக்கும். நேரில் போங்கள், ஒரு பக்கம் கைப்பட எழுதிக் கொடுங்கள், எழுதியதற்கு முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு மன்னிப்பு கிடைக்கவில்லை. ஆள் ஏற்றுவது, சிக்னல் தாண்டுவது, போன் பேசுவது, அதிவேகம், அதிக பாரம், குடி ஆகிய ஆறுக்கும் குறைந்தது 3 மாதம் சஸ்பெண்ட் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015இலேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. ஆனாலும் நான் எழுதிக் கொடுத்தது வீண் இல்லை. அதற்குப் பதிலாகத்தான் தேதி போட்ட தெளிவான உத்தரவு என் கைக்கு வந்தது.

அந்தத் தேதியில்தான் நான் இரண்டாவது முறை மாட்டியிருக்க வேண்டியவன். லைசென்ஸைப் பிடுங்கிய நாளிலிருந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். 90 நாள் ஆனதும், விடிகாலை 3 மணிக்குக் குளித்துவிட்டுச் சாவியை எடுத்தேன். அக்கா மகன்தான் தடுத்தான். "மாமா, ஆர்டர்ல போட்டிருக்கிற தேதி வேற. இன்னும் 18 நாள் இருக்கு." உத்தரவை அவன்தான் படித்திருந்தான், நான் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். ஆகவே உத்தரவு வந்ததும் மூன்றைப் பாருங்கள்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த வகை வண்டிக்கு, எந்தப் பிரிவின் கீழ். சில உத்தரவு ஒரு வகை வண்டிக்கு மட்டும் இருக்கும், சிலது எல்லா வகைக்கும் இருக்கும். எல்லா வகைக்கும் என்றால் வீட்டில் இருக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல்லும் அதில் சேர்த்தி. கடைக்குப் பால் வாங்கப் போவதும் ஓட்டுவதுதான்.

சரி, மீறி ஓட்டினால் என்ன ஆகும்? 182ஆவது பிரிவு: 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019க்கு முன்னால் இந்த அபராதம் 500 ரூபாய்தான். அந்தக் காலத்து டிரைவர்கள் "ஐந்நூறு ரூபாயைத் தூக்கிப் போட்டுட்டுப் போவோம்" என்று சொல்வது அந்தப் பழைய நினைப்பில்தான். 2019 செப்டம்பர் 1 முதல் சட்டம் மாறியது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதிய அபராதங்கள் நடைமுறைக்கு வந்தன. லைசென்ஸே எடுக்காமல் ஓட்டினால் 181ஆவது பிரிவில் 5,000. சஸ்பெண்டில் இருக்கும்போது ஓட்டினால் அதைப் போல இரண்டு மடங்கு. தெரியாதவனைவிட, சொல்லியும் கேட்காதவனுக்குத் தண்டனை அதிகம் என்பது நம் வீட்டு வழக்கம்தானே.

இந்தப் பிரிவில் ஒரு சொல்லை ஆள்கள் கவனிப்பதில்லை. பொது இடத்தில் ஓட்டினாலும் குற்றம், "வேறு எந்த இடத்திலும்" ஓட்டினாலும் குற்றம். எங்கள் ஊரில் ஒருவர், ரோட்டுக்குத்தானே தடை, சொந்தத் தோட்டத்துக்குள் டிராக்டர் ஓட்டலாம் என்று வாதாடினார். அந்தச் சொல்லைக் காட்டினேன், அமைதியாகிவிட்டார்.

வண்டியும் சும்மா விடப்படாது. சஸ்பெண்ட் நாளில் உங்கள் லைசென்ஸ் செல்லாது என்று 23ஆவது பிரிவு சொல்கிறது. செல்லத்தக்க லைசென்ஸ் இல்லாமல் ஓடும் வண்டியைப் பிடித்து வைக்க 207ஆவது பிரிவில் போலீஸுக்கு அதிகாரம் உண்டு. காய்கறி ஏற்றிய வண்டி ஸ்டேஷன் வாசலில் ஒரு பகல் நின்றால் என்ன ஆகும் என்று நம் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெண்டைக்காயும் கீரையும் மாஜிஸ்திரேட் வரும்வரை காத்திருக்காது.

ஆனால் இந்த 10,000 எல்லாம் பெரிய அடி இல்லை. கடன் வாங்கியாவது கட்டிவிடலாம். பெரிய அடி இன்சூரன்ஸில் இருக்கிறது. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் பாலிசி ஏஜெண்ட். பாலிசியை விரித்து, பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். ஓட்டுகிறவர் விபத்து நேரத்தில் செல்லத்தக்க லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், லைசென்ஸ் வைத்திருக்கவோ வாங்கவோ தகுதியிழந்தவராக இருக்கக் கூடாது. "அண்ணே, இந்த மூணு மாசமும் நீங்க ஓட்டினா, கட்டின பிரீமியம் உங்களுக்கு இல்லைன்னு வெச்சுக்கோங்க" என்றார்.

இதைப் பிரித்துச் சொல்கிறேன். சஸ்பெண்டில் இருக்கும்போது நீங்கள் ஓட்டி வண்டி நசுங்கினால், சொந்தச் சேதத்துக்குக் கம்பெனி கையை விரிக்கும். உங்களுக்கே ஏதாவது ஆகிவிட்டால், உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதே, அதுவும் செல்லத்தக்க லைசென்ஸ் இருந்தால்தான். வீட்டில் இருப்பவர்கள் அலைந்து திரும்பி வருவார்கள். எதிரே வந்தவருக்கு அடிபட்டால் நிலைமை இன்னும் சிக்கல். அவர் நஷ்டஈடு கேட்டுத் தீர்ப்பாயத்தில் போடும் எம்சிஓபி கேஸில் கம்பெனி வந்து, ஓட்டியவர் தகுதியிழந்தவர் என்று சொல்ல 150ஆவது பிரிவு இடம் தருகிறது. 2004இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக அலசியது. அதற்குப் பிறகு பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், அடிபட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிடும். கொடுத்த பணத்தை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்க வரும். அடிபட்டவர் ஏமாறக் கூடாது என்பது நியாயம்தான். பணம் யாருடைய பையிலிருந்து போகிறது என்பதுதான் கேள்வி.

எங்கள் ஸ்டாண்டில் ஒருவர், போன் பேசியதற்காக சஸ்பெண்டில் இருந்தார். இரண்டாவது மாதம், "உடுமலை வரைக்கும்தானே" என்று கிளம்பினார். ஒரு மொபெட்டில் லேசாகத்தான் பட்டது என்றார். அந்தப் பெரியவருக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கவனக்குறைவாக ஓட்டியதற்கு, ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஒரு கேஸ், கூடவே 182. தீர்ப்பாயத்தில் கம்பெனி பணத்தைக் கட்டியது, அடுத்து அவர் பெயருக்கு வசூல் மனு வந்தது. வண்டியை விற்றார், பத்தாமல் மனைவியின் நகை போனது. இப்போது அவர் அடுத்தவர் வண்டிக்குச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். உயிர் போயிருந்தால் அந்த நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் 5 வருஷம் வரை சிறை, அதையும் நினைத்துப் பாருங்கள்.

முதலாளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் டிரைவர் சஸ்பெண்டில் இருப்பது தெரிந்தும் சாவியைக் கொடுத்தால், 180ஆவது பிரிவில் உங்கள் மேல் தனி வழக்கு: 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அல்லது இரண்டும். அதற்கும் மேல், கம்பெனி உங்களிடம் வசூலுக்கு வரும்போது "எனக்குத் தெரியாது, நான் விசாரித்துத்தான் வேலைக்கு வைத்தேன்" என்று காட்ட முடிந்தால்தான் தப்பிக்க வழி. அப்படிக் காட்ட வேண்டுமென்றால் விசாரித்திருக்க வேண்டும். பரிவாகன் சாரதி என்ற அரசு இணையதளத்தில் லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் போட்டால் நிலவரம் தெரிந்துவிடும், இரண்டு நிமிஷ வேலை. மாதம் ஒருமுறை பார்த்து, திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

வண்டி நின்றால் கடன் தவணை நிற்காது. ஆகவே நான் மாற்று ஆள் தேடினேன். மச்சான் ஓட்டத் தயார், ஆனால் அவனிடம் கார் லைசென்ஸ்தான் இருந்தது, பேட்ஜ் இல்லை. குட்டியானையை ஓட்டலாமா என்று ஸ்டாண்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு இதைத் தீர்த்து வைத்தது: மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்எம்வி லைசென்ஸ், அதாவது கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம், தனி அனுமதி தேவையில்லை. குட்டியானை அதில் அடக்கம். மச்சானுக்கு நாளைக்கு 900 ரூபாயும் சாப்பாடும் என்று பேசினேன். நான் பக்கத்தில் கிளீனர் மாதிரி உட்கார்ந்து வந்தேன். அவன் கியர் மாற்றும் விதத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்ததுதான் எனக்கு உண்மையான தண்டனை. தூக்கம் வருகிறது என்று அவன் சொன்னாலும் "கொஞ்ச தூரம் நான் எடுக்கிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள். ஓரம் கட்டி டீ குடியுங்கள்.

ஊருக்குள் சைக்கிளில் போனேன். 250 வாட்டுக்குக் குறைவாகவும் 25 கிலோமீட்டர் வேகத்துக்குள்ளும் ஓடும் சின்ன மின்சார ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் கேட்க மாட்டார்கள், அது சட்டப்படி மோட்டார் வாகனமே இல்லை. ஆனால் வாங்கும்போது கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள், வண்டிச் சான்றில் பாருங்கள்.

குறுக்கு வழிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எப்படியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். லைசென்ஸ் தொலைந்துவிட்டது என்று டூப்ளிகேட் வாங்குவது. பக்கத்து மாநில முகவரியில் புதிதாக எடுப்பது. மறுபடி எல்எல்ஆர் போடுவது. தகுதியிழந்த நாளில் லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பதே 182ஆவது பிரிவில் குற்றம், தண்டனை ஓட்டியதற்கு உள்ள அதே தண்டனை. அப்படி வாங்கிய லைசென்ஸும் செல்லாது. சாரதி நாடு முழுவதுக்கும் ஒரே பதிவேடு. போனில் பழைய நகல் இருக்கிறதே, அதைக் காட்டிவிடலாம் என்பதும் அப்படித்தான். சோதனை செய்கிறவர் உங்கள் போனைப் பார்ப்பதைவிடத் தன் கையில் இருக்கும் கருவியைத்தான் பார்ப்பார்.

உத்தரவு தப்பு என்று நினைத்தால் நேர் வழி ஒன்று இருக்கிறது. உத்தரவு கைக்கு வந்து 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம். யாரிடம் செய்ய வேண்டும் என்று ஆர்டிஓ ஆபீஸிலேயே எழுதிக் கேளுங்கள். அப்பீல் போட்டுவிட்டேன் என்ற ரசீதை டாஷ்போர்டில் வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது. சஸ்பெண்டை நிறுத்தி வைக்கும் உத்தரவு கையில் வந்தால்தான் சாவி. தண்டனை நீண்ட காலத்துக்கு என்றால், 6 மாதம் கழித்துத் தடையை நீக்கக் கேட்டு, உத்தரவு போட்ட இடத்திலேயே மனுக் கொடுக்க 23ஆவது பிரிவில் வழி உண்டு. 3 மாதக்காரர்களுக்கு அதனால் பயன் இல்லை.

கடைசித் தேதி முடிந்த மறுநாளே வண்டியில் ஏறாதீர்கள். கார்டு ஆர்டிஓ ஆபீஸில் இருக்கிறது, அதைப் போய் வாங்க வேண்டும். சஸ்பெண்ட் ஆனவர் ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்தால்தான் லைசென்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று 2019 திருத்தம் 19ஆவது பிரிவில் சேர்த்திருக்கிறது. ஆகவே லைசென்ஸை ஒப்படைக்கும் அன்றைக்கே பயிற்சி எங்கே, எப்போது என்று கேட்டு, இடையிலேயே முடித்துவிடுங்கள். கடைசி நாளில் கேட்டால் இன்னும் ஒரு வாரம் போகும். இடையில் லைசென்ஸ் காலாவதி தேதி வந்துவிட்டால், தடை முடிந்ததும் உடனே புதுப்பியுங்கள். காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டினால் மறுபடி டெஸ்ட் போட்டுக் காட்ட வேண்டிவரும். கார்டு கைக்கு வந்த பிறகும் சாரதியில் நிலவரம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். மாறவில்லை என்றால் அதைச் சரி செய்த பிறகு ஓட்டுங்கள். இரண்டாவது தடவை விஷயம் வேறு. 206(4)இல் சொன்ன குற்றங்களுக்கு முதல் தடவை 3 மாதம், மறு தடவை லைசென்ஸே ரத்து.

அடுத்த ஆடிக்குப் பங்காளிகள் ஆளுக்குக் காசு போட்டு வேன் பிடித்தார்கள். வாடகையைக் கேட்டுப் பெரியப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார், நான் திரும்பிக்கொண்டேன். அண்டாவும் விறகும் என் குட்டியானையில் வந்தன. அதே இடத்தில் நிறுத்தினார்கள். தார்ப்பாயைத் தூக்கினார்கள். உள்ளே கிடா மட்டும் நின்றுகொண்டிருந்தது.